வாப்பா போட்ட வாஷர்

கின்னியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போன நாளிலிருந்து அந்தக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

முன் அறையோடு ஒட்டிய குளியலறையில், நான்கு இரும்புக் கால்களில் நிற்கிற பழைய குளியல் தொட்டியின் குழாய் அது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஏதோ ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் தனக்காகக் கட்டிய வீடு. அவன் போனான், தொட்டி மிஞ்சியது. பஹ்மியாவின் வாப்பா அபூதாஹிர் வீட்டை வாங்கியபோது, "இத வெளிய எடுக்கிறதென்டா செவர இடிக்கணும்" என்று அப்படியே விட்டுவிட்டார்.

பிற்பாடு அந்தக் குழாயின் பிடியைச் செப்புக் கம்பியால் இறுகச் சுற்றிக் கட்டியவரும் அவர்தான். யாரும் திறக்கக் கூடாது என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மௌத்தாகிப் பல வருடங்கள் ஆன பிறகும் அந்தக் கம்பியை யாரும் தொடவில்லை.

போன கிழமை, விருந்தாட்கள் வருகிறார்கள் என்று குளியலறையைத் தேய்த்துக் கழுவிய பஹ்மியாவின் மகள் ஸல்ஹா, பச்சை பிடித்த கம்பியை வெட்டி எறிந்துவிட்டாள். மாப்பிள்ளையின் தங்கை ஷிஃபானா, "அல்லாஹ்! வீட்டுக்குள்ள பாத்டப்பா!" என்று ஆசையாகக் குழாயைத் திருகினாள். திறந்தது. அதற்குப் பிறகு சரியாக மூடவில்லை.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பஹ்மியாவின் கணவர் ஜவ்பரும் தோப்பூரிலிருந்து அப்படி வந்தவர்தான். இனி இந்த வீடு ஸல்ஹாவுக்கு. அதில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். காற்றோட்டமான அந்த முன் அறை புதுச்சோடிக்குக் கிடைக்குமா?

பஹ்மியா அதற்கு வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"அது எங்கட சஜீத் காக்காட அறை. உம்மாட மனசக் கேக்கணும்."

பக்கத்தில் இருந்த உம்மா ரபீக்கா, வட்டிலப்பத் தட்டைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனத்துக்குப் பஹ்மியா தானே ஒரு பொருள் எழுதிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான்.

சஜீத் பஹ்மியாவின் ஒரே அண்ணன், அவளுக்குக் காக்கா. தொண்ணூறாம் ஆண்டுப் போர்ப் பிரச்சினைக்குள், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அன்று காலையில் அவன் இந்தத் தொட்டிக் குழாயைத்தான் கழற்றிக்கொண்டிருந்தான். பாங்கு கேட்டதும், "வந்து பூட்டுறன்" என்று பாதியில் விட்டுவிட்டு ஓடினான். சில கிழமைக்குப் பிறகு மிச்ச வேலையை வாப்பா முடித்தார். பின்னர்தான் கம்பி.

மகன் தொட்ட குழாய், அதனால் கட்டி வைத்திருக்கிறார் என்று பஹ்மியா நினைத்திருந்தாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை.

"பைப் வேலை செய்யிற பாஸ் ஒருத்தரக் கூப்பிடுங்களன்," என்றாள் பஹ்மியா.

"ஒரு பைப்புக்குப் பாஸா?" ஜவ்பர் சாரனை மடித்துக் கட்டினார். டவுனில் வலைக்கடை வைத்திருப்பவர். படகு எஞ்சினையே பிரித்துப் பூட்டியவன் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை. பூட்டிய பிறகு அந்த எஞ்சின் ஓடவில்லை என்பது பஹ்மியா அடிக்கடி சொல்லும் பதில்.

உம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். கூடப் போக ஸல்ஹா ஓட்டோவை மறித்துவிட்டாள்.

"அந்தப் பைப்ப விடுங்க மருமகன்," என்றார் உம்மா.

"மாமி, கலியாண வீட்டில இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு ஆருக்கு நித்திரை வரும்?"

"எனக்கு வரல்லயா?"

"உங்களுக்குக் காது கேக்காதே மாமி!"

உம்மா சிரிக்கவில்லை. "கேக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

ஓட்டோ போன பக்கத்தையே பஹ்மியா பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம். மகன் வந்து பூட்டுவான் என்று இன்னும் இருக்கிறாரே. தெருவில் தெரிந்தவர் எல்லோரும் இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதினார்கள். இந்த வீட்டில் மட்டும் சஜீதுக்கு ஓதவில்லை. இருக்கிறவனுக்கு எப்படி ஓதுவது? உம்மாவுக்காகத்தான் பஹ்மியா எல்லாவற்றையும் தாங்கி வந்தாள். காணாமல் போனவர்களைத் தேடும் கூட்டம் எங்கே நடந்தாலும் காக்காவின் படத்தோடு போய் நின்றாள். அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். முன் அறைக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் புது விரிப்புப் போட்டாள். அந்த அறையில் கை வைத்தால் உம்மா உடைந்துபோவார் என்பது அவள் நம்பிக்கை.

இப்போது மகளின் வாழ்க்கை ஒரு பக்கம், உம்மாவின் நம்பிக்கை மறு பக்கம். இரண்டில் ஒன்றை அவள் நோகடிக்க வேண்டும். கலியாணத்துக்கு முன்னால்.

ஜவ்பர் முன் வாசலுக்குப் போய் மெயின் வால்வை மூடினார். குரோட்டன் செடியை மேய்ந்துகொண்டிருந்த, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

"பாரு, இதுக்குக் கூட என்னில மரியாத இல்ல," என்று சத்தம் போட்டுக்கொண்டே திரும்பி வந்தார்.

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. அந்த அமைதி பஹ்மியாவுக்கு என்னவோ போல் இருந்தது.

குழாய் இலேசில் விடவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். துணியைச் சுற்றி ஸ்பேனரைப் போட்டு ஜவ்பர் தொங்கினார். பஹ்மியா டோர்ச்சைப் பிடித்தாள். கடைசியில் 'கிறீச்' என்று ஒரு சத்தத்தோடு தலைப்பாகம் அசைந்தது.

"வந்திட்டு! வந்திட்டு! உன்ட மாப்பிள்ளைட கையப் பாத்தியா?" என்று ஜவ்பர் தன் கையைக் காட்டினார்.

"கையப் பாத்தன். தொட்டியில வயிறு இடிக்குது, அதையும் பாத்தன்."

அவர் உள்தண்டை உருவி எடுத்தார். அதன் நுனியில் கறுத்துச் சுருங்கிய ஒரு ரப்பர் வட்டம். இஸ்குறுவைக் கழற்றி, வட்டத்தை நெம்பி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார்.

"பாத்தியா உன்ட வாப்பாட வேலைய? வாஷர் இல்ல இது. றப்பர் செருப்ப வெட்டிப் போட்டிருக்கார். அடியில நீலம், மேல வெள்ளை."

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஊரில் பாதிக் குழாய்களுக்குள் செருப்புத்தான் இருந்தது. கடையில் விற்கிற வாஷர் இந்த வெள்ளைக்காரக் குழாய்க்குப் பொருந்தாது. ஜவ்பர் வாங்கி வந்ததும் பொருந்தவில்லை. உள்ளே போட்டால் ஆடியது.

"நாமளும் செருப்புத்தான் வெட்டணும் போல," என்றார். "ஜும்ஆவுக்கு நேரமாகிட்டு. வந்து பூட்டுறன். நீ பழைய செருப்பு ஒன்டு தேடி வையி."

போகிற போக்கில் அந்த ரப்பர் வட்டத்தை அவள் உள்ளங்கையில் போட்டுவிட்டுப் போனார்.

வந்து பூட்டுறன். அந்த வார்த்தை ஒரு கணம் அவளைத் தைத்தது. அதை ஒதுக்கிவிட்டு, கையில் இருந்ததை வாளித் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். பெரிய குழாய், ஆகையால் வட்டமும் ஒரு பெரிய நாணயம் அளவு இருந்தது. நடுவில் இஸ்குறு போன துளை. விளிம்போடு ஒரு வளையத் தடம், இத்தனை காலம் அழுத்தப்பட்டுக் கிடந்த தடம். வெள்ளைப் பக்கம் மஞ்சளாகியிருந்தது.

அந்த மஞ்சளில், ஓரமாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

சூட்டுக் கம்பியால் சுட்ட புள்ளிகள். ஒன்று ஒழுங்காக வட்டம். மற்றது வால் இழுத்துச் சரிந்தது.

பஹ்மியா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். 

அந்தப் புள்ளிகளைச் சுட்டவள் அவள்.

சஜீத் காக்கா வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குத் தன் செருப்போடு போவான், பிறருடைய செருப்போடு வருவான். எல்லோருடைய செருப்பும் ஒன்றுபோல் வெள்ளையும் நீலமும். ஒரு தடவை இரண்டும் இடக்கால் செருப்பாக மாட்டிக்கொண்டு, நண்டு மாதிரி வந்து சேர்ந்தான். உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். அன்று பஹ்மியா குசினி அடுப்பில் குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அவனுடைய புதுச் செருப்பின் குதிப்பக்கத்தில் இரண்டு இரண்டு புள்ளியாகச் சுட்டாள். "மாட்டுக்குக் குறி போடுற மாதிரிப் போடுறாளே உம்மா!" என்று அவன் வேண்டுமென்று அவளுடைய முழங்கையைத் தட்டினான். கம்பி சரிந்தது. புள்ளிக்கு வால் முளைத்தது.

அதன் பிறகு அவன் செருப்பு மாறவே இல்லை.

ஆகவேதான் அது எல்லோருக்கும் தெரிந்த அடையாளமாயிற்று. ஆகவேதான்...



காக்கா போய் ஒரு கிழமைக்குள், கரையில் ஒரு மையத்து ஒதுங்கியிருப்பதாகச் சொல்லி, உடலை அடையாளம் காட்ட வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. அலுமாரிக்கு அடியில் இருந்த தோல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பெண்கள் வீட்டில் யாசீன் ஓதிக்கொண்டு இருந்தார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிச்சமாக இருந்தது. வாசலிலேயே சத்தமாகச் சொன்னார்.

"நம்மட பிள்ள இல்ல! முகம் தெரியல்ல. வெள்ளச் சேட்டு, சாரன், எல்லாப் பொடியன்மாரும் உடுக்கிறதுதான். ஆனா செருப்பப் பார்த்தன். ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தன். புள்ளி இல்ல. சஜீத் இல்ல!"

அவள் எத்தனை சந்தோசப்பட்டாள்! தான் சுட்ட புள்ளி காக்காவைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தாள். உம்மா பால்சோறு காய்ச்சிப் பள்ளிக்கு அனுப்பினார்.

புள்ளி போட்ட செருப்போடுதான் சஜீத் போனான். இந்த வீட்டில் அது கலிமாவைப் போல் உறுதியாக இருந்தது. எங்கேயோ புள்ளி போட்ட செருப்போடு அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

அப்படியானால், அந்தச் செருப்பு இந்தக் குழாய்க்குள் எப்படி வந்தது?

பஹ்மியா மெல்லக் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தாள். இரும்புக் கால்களுக்கு இடையில் இருட்டு. ஒரு சோடிச் செருப்பு கிடந்தால் வெளியே தெரியாத இருட்டு.

காட்சி தானாக வந்தது. அவள் வேண்டாம் என்றாலும் வந்தது. காலையில் குழாயைக் கழற்றும்போது காக்கா செருப்பை நனையாமல் தொட்டிக்கு அடியில் தள்ளியிருக்கிறான். பாங்கு கேட்டதும் அவசரத்தில், முன் வாசலில் இருந்த வாப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான். காய்ச்சலில் கிடந்த வாப்பாவுக்கு அது தெரியவில்லை. வாப்பாவின் செருப்பில் புள்ளி இல்லை. ஊரில் யாருடைய செருப்பிலும் இல்லாத மாதிரி.

வாப்பா அன்று கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, தன்னுடைய செருப்பை.

"நம்மட பிள்ள இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். யாரோ அடக்கினார்கள். சில கிழமைக்குப் பிறகு பாதியில் நின்ற குழாய் வேலையை முடிக்கப் போனவர், தொட்டிக்கு அடியில் கையை விட்டிருக்கிறார்.

அந்த நாளில் அவர் சத்தம் போட்டாரா? இல்லை. பஹ்மியா யோசித்து யோசித்துப் பார்த்தாள். அந்த நாள் என்று ஒன்று அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை. வாப்பா குளியலறையிலிருந்து வெளியே வந்திருப்பார். கைகழுவியிருப்பார். தேநீர் கேட்டிருப்பார். குழாய் சொட்டுவது நின்றிருக்கும். மரிக்கும் வரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உம்மா, "எங்கட சஜீத் வந்தா..." என்று தொடங்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகனின் புள்ளியை வெட்டிக் குழாய்க்குள் வைத்து, அதன் மேல் கம்பி கட்டினார்.

வாசலில் ஓட்டோ நின்ற சத்தம் கேட்டது.

பஹ்மியா பதறி எழுந்தாள். கையை இறுக்கி மூடினாள். உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவரை உயிரோடு வைத்திருப்பது அந்த ஒரு நம்பிக்கை. இது வெளியே வரக் கூடாது. கடலில் எறிய வேண்டும். வாப்பா செய்ததைத்தான் அவளும் செய்ய வேண்டும்.

"கண்ணுக்கு மருந்து விட்டிருக்காங்க, உம்மும்மாக்கு எல்லாம் புகையாத் தெரியுதாம்," என்று சொல்லிக்கொண்டே ஸல்ஹா உம்மாவைக் கையில் பிடித்து அழைத்து வந்தாள். "என்ன உம்மா, பேயக் கண்ட மாதிரி நிக்கீங்க?"

"ஒண்டுமில்ல. போய்த் தேத்தண்ணி போடு."

உம்மா குளியலறை வாசலில் நின்றார். குழாயின் திறந்த வாயை அவரால் பார்க்க முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தம் நிண்டுட்டு," என்றார். "கழட்டிட்டீங்க."

"ஓம் உம்மா. மெயின மூடியிருக்கு. வாஷர் போயிட்டு, வேற போடணும். நீங்க போய்ச் சாயுங்க."

"கையில என்ன?"

"ஒண்டுமில்ல உம்மா."

"பஹ்மியா." உம்மா கையை நீட்டினார். "தா அத."

"அழுக்கு உம்மா. பழைய றப்பர்."

"தெரியும். மற்றச் செருப்பு என்னட்ட இருக்கு."

குசினியில் ஸல்ஹா கேத்தலை வைக்கிற சத்தம் கேட்டது. வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. பஹ்மியாவுக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

உம்மா சுவரைத் தடவித் தடவித் தன் அறைக்குப் போனார். அலுமாரியைத் திறந்தார். கண் தேவைப்படவில்லை, கைக்கு இடம் தெரிந்திருந்தது. வாப்பாவின் பழைய சாரன் ஒன்றில் சுற்றிய பொதியை எடுத்துக் கட்டிலில் வைத்துப் பிரித்தார். ஒற்றைச் செருப்பு. குதிப்பக்கத்தில் இரண்டு புள்ளி.

"வாப்பாட ஆயுதப் பெட்டிக்குள்ள, ஸ்பேனர் சுத்தியலோட இருந்திச்சு," என்றார். "ஒண்ட வெட்டிட்டார். மற்றத வெட்டவும் ஏலாம எறியவும் ஏலாம வெச்சிருந்தார். அவர் மௌத்தாப் போன பிறகு எடுத்தன்."

"அப்பதான் உங்களுக்குத் தெரியுமா?"

"அப்ப இல்ல." உம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சஜீத் போன அந்த மாசமே தெரியும். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே முன் வாசல்ல உன்ட வாப்பாட செருப்பக் காணல்ல. எங்க என்டு கேட்டன். ஜும்ஆக்குப் போனப்ப பள்ளியில ஆரோ மாத்திட்டுப் போயிட்டாங்க என்டார். காய்ச்சல்ல கிடந்த மனிசன் எந்தப் பள்ளிக்குப் போன?"

பஹ்மியா கையில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"மேல கேக்கல்ல நான். அவர்ட முகத்தப் பார்த்தன், கேக்கல்ல."

"ஏன் உம்மா? கேட்டிருந்தா ரெண்டு பேருமாவது..."

"கேட்டிருந்தா அண்டைக்கே அந்த மனிசன் போயிருப்பார். பெத்த பிள்ளைய இல்ல என்டு சொல்லிட்டு வந்தவர். அவன் வருவான், வருவான் என்டு நான் சொல்லச் சொல்லத்தான் ஒரு பிடி சோறு இறங்கிச்சு அவருக்கு. எனக்காக அவர் மறைச்சார். அவருக்காக நான் காத்திருந்தன்."

"அவர் போய் எத்தின காலம்! அதுக்குப் பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே. உங்களுக்காகத்தானே நான் இவ்வளவும்..."

உம்மா நிமிர்ந்தார். மருந்து விட்ட கண்கள் அவளைத் தேடி, அவள் இருக்கும் பக்கம் நின்றன.

"எனக்காகவா?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "அவன்ட படத்தத் தூக்கிட்டுக் கூட்டம் கூட்டமாப் போன நீ. பெருநாளைக்கு விரிப்பு மாத்தின நீ. அறையத் தர ஏலா என்டு கின்னியாக்காரருக்குச் சொன்ன நீ. நான் எப்பயாவது செய் என்டு சொன்னனா மகள்? உன்ட கைய எப்பிடித் தட்டி விடுற என்டு தெரியாமத்தானே நான் வாய மூடிட்டு இருந்தன்."

பஹ்மியா தேடினாள். இத்தனை வருடங்களில் ஒரு தடவையாவது, உம்மாவின் வாயிலிருந்து, அந்த அறையை வை, அவனைத் தேடு என்று ஒரு சொல். வாப்பா இருந்தபோது அவர் முன்னால் சொன்னவை இருந்தன. அவர் போன பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றுகூட இல்லை. அந்த மௌனங்களில் எல்லாம் எழுதி வைத்தவள் அவளே.

காக்காவுக்காகக் காத்திருந்தது உம்மா அல்ல.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, உம்மாவின் மடியில் அந்த ரப்பர் வட்டத்தை வைத்தாள். உம்மாவின் விரல்கள் அதைத் தடவி, புள்ளிகளைக் கண்டுபிடித்து, வால் சரிந்த புள்ளியில் நின்றன.

"பஹ்மியா!" வாசலில் ஜவ்பரின் குரல். ஜும்ஆ முடிந்து வந்துவிட்டார். உற்சாகமாக இருந்தார். "பழைய செருப்பு ஒன்டு கிடைச்சுதா? வெட்டிப் பூட்டிட்டுத்தான் இண்டைக்குச் சோறு!"

 உம்மா ஒற்றைச் செருப்பையும் வட்டத்தையும் சேர்த்துச் சாரனில் சுற்றினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பைப்பு கிடக்கட்டும் என்டு மருமகனுக்குச் சொல்லு. ஓட்டோ தூரம் போயிருக்காது. கூப்பிடச் சொல்லு."

"எங்க உம்மா? இந்தக் கண்ணோடயா?"

"அண்டைக்கு உன்ட வாப்பா இல்ல என்டு சொன்ன மையத்த எங்க அடக்கின என்டு எனக்குத் தெரியும்," என்றார் உம்மா. "என்ட செருப்ப எடுத்து வையி."